யாருடைய காலம்? கணினி லூப்பர்களை ஒத்திசைத்த வரலாறு

1964ஆம் ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் டெர்ரி ரைலியின் ‘இன் சி’ என்னும் படைப்பு முதன்முறையாக அரங்கேறியது. 53 சிறு இசைத்தொடர்களை ஒவ்வொரு கலைஞரும் தாம் விரும்பும் அளவு திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அடுத்ததற்கு நகரலாம் என்பது அதன் விதி. இத்தகைய சுதந்திரத்தில் குழு சிதறாமல் இருக்க வேண்டுமானால், பியானோவின் மேல்ஸ்தாயியில் ‘சி’ சுரத்தை ஒருவர் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தவர், அக்குழுவில் வாசித்த ஸ்டீவ் ரைஷ். அந்த இடைவிடாத் துடிப்பே இன்றுவரை அப்படைப்பின் முதுகெலும்பாக இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, 1965இன் தொடக்கத்தில், அதே ரைஷ் வேறொரு வேலையில் இறங்கினார். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒரு கிறித்தவ போதகர் ஊழிவெள்ளத்தைப் பற்றி ஆற்றிய உரையை அவர் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். அதில் ஒரு சிறு துண்டை வெட்டி ஒட்டி, ஒரே மாதிரியான இரண்டு நாடாச் சுற்றுகளாக்கி, இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகளில் ஓடவிட்டார். ஒன்றின் மேல் ஒன்று குறிப்பிட்ட ஓர் இடத்தில் பொருந்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால் கருவிகளின் வேகம் நூலிழை அளவு வேறுபட்டிருந்தது. ஒன்றாகத் தொடங்கிய இரு குரல்களும் மெல்ல மெல்ல விலகின. விலக விலகப் புதிய தாளக்கட்டுகள் தோன்றின. ரைஷ் அந்த விலகலைத் திருத்தாமல், அதையே படைப்பாக்கினார். ‘இட்ஸ் கோனா ரெயின்’ அவ்வாறு பிறந்தது.

மனிதர்களை ஒன்றுசேர்க்க ஒரு துடிப்பை அளித்தவருக்கு, இயந்திரங்கள் தாமாக ஒன்றுசேரா என்பது சில மாதங்களிலேயே தெரியவந்தது. ரைஷுக்கு அந்த விலகல் கலையாயிற்று. மேடையில் நின்று தம் இசையின் மேல் தாமே அடுக்கடுக்காக வாசிக்க விரும்பிய பிற்காலக் கலைஞர்களுக்கோ அது தீர்க்கப்பட வேண்டிய சிக்கலாயிற்று. அந்தச் சிக்கலின் வரலாற்றைத் துல்லியத்தின் வரலாறாக மட்டும் வாசிப்பது வழக்கம். கூர்ந்து நோக்கினால் அதனுள் இன்னொரு கேள்வி தொடர்ந்து வருவதைக் காணலாம்: பல கருவிகள் ஒன்றுகூடும்போது காலத்தை வகுப்பது யார், அதைப் பின்பற்றுவது யார்?

ஒரே ஒரு சுற்று மட்டும் ஓடும்போது இக்கேள்வி எழுவதில்லை. 1948இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷெஃபர் இசைத்தட்டின் சுருள் வரியைத் தன்மேலேயே மூடிவிட, ஊசி ஒரே வட்டத்தில் சுழன்று ஒரே ஒலியை மீண்டும் மீண்டும் எழுப்பியது. நிமிடத்திற்கு 78 சுழற்சி என்ற வேகத்தில் அந்தச் சுற்றின் நீளம் ஏறத்தாழ 0.77 விநாடி. தட்டின் வேகமே அதன் காலம். 1963இல் பாரிசில் செட் பேக்கர் குழுவோடு பணியாற்றிய டெர்ரி ரைலிக்காக, ஒரு பொறியாளர் ஒரே நாடாவை இரண்டு கருவிகளுக்கிடையே நீட்டிக் கட்டினார். முதல் கருவி பதிந்ததை இரண்டாம் கருவி சற்றுப் பிந்தி ஒலித்தது. அவ்வொலி மீண்டும் முதல் கருவிக்குத் திரும்பி அடுக்கடுக்காகச் சேர்ந்தது. இங்கும் கருவிகளுக்கிடையே உள்ள தொலைவே காலத்தை வகுத்தது. 2004இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் கே.டி. டன்ஸ்டால் ஒரே ஒரு பெடலைக் கொண்டு கிதாரின் உடலைத் தட்டியும் குரல் கொடுத்தும் தனியொருத்தியாக ஒரு முழுக்குழுவை எழுப்பியபோதும் அவர் கால் மிதித்த கணமே சட்டம். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கடிகாரம் அங்கு இல்லை.

இரண்டாவது கருவி மேடைக்கு வந்தவுடன் மூன்று வகைப் பிழைகள் தலைகாட்டுகின்றன. வரலாற்றைப் பின்தொடர இவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது, ரைஷ் கண்ட நகர்வு. இன்றைய கணினிகளிலும் ஒலியட்டையின் காலத்தை ஒரு படிகமே அளக்கிறது. எந்த இரண்டு படிகங்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்பது மிகச் சாதாரணமானது. ஆனால் பத்து நிமிடக் கச்சேரியில் அது 30 மில்லி விநாடியாக வளரும். ஒரே அடியாகக் கேட்க வேண்டிய இரண்டு அடிகள் அப்போது தனித்தனியாகக் கேட்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது, நீளப் பிழை. நிமிடத்திற்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தில், நான்கு அடி கொண்ட நான்கு பட்டைகள் சரியாக 8 விநாடி நீளம் உடையவை. கலைஞரின் கால் 30 மில்லி விநாடி தாமதித்துப் பெடலை மிதித்தால் சுற்று 8.03 விநாடியாகிவிடும். தனியே கேட்டால் எவருக்கும் தெரியாது. ஆனால் பக்கத்தில் ஒரு தாள இயந்திரம் 120இல் ஓடிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த 30 மில்லி விநாடி கூடிக்கொண்டே போகும். 16 சுற்றுகள் முடிவதற்குள், அதாவது இரண்டு நிமிடத்திற்குச் சற்று மேல், லூப் ஏறத்தாழ ஒரு முழு அடி பின்தங்கிவிடும்.

மூன்றாவது, இடப் பிழை. கணினி ஒலியைத் துண்டு துண்டாகக் கையாளுகிறது. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற வீதத்தில் 256 சாம்பிள் கொண்ட ஒரு துண்டு 5.3 மில்லி விநாடி நீளமுடையது. ஓடும் லூப் கலைஞரின் காதை அடைவதில் ஒரு தாமதம். அவர் அதைக் கேட்டு வாசிப்பது கணினிக்குள் நுழைவதில் இன்னொரு தாமதம். இரண்டையும் கழித்து முன்னே நகர்த்திப் பதியாவிட்டால், ஒவ்வொரு அடுக்கும் தனக்கு முந்தைய அடுக்கைவிடச் சற்றுப் பிந்தியே அமரும். அடுக்குக்கு 10 மில்லி விநாடி என்றால் ஐந்தாம் அடுக்கு முதலாவதைவிட 40 மில்லி விநாடி பின்னே நிற்கும். துல்லியமாக வாசித்த கலைஞர் தாளம் தவறியவர்போல் ஒலிப்பார்.

முதற்பிழையைத் தீர்க்க மின்னிசை உலகம் கண்ட வழி, ஒரு கருவியின் துடிப்பைக் கம்பி வழியே மற்றொன்றுக்கு அனுப்புவது. 1980இல் வெளியான ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 தாள இயந்திரம் கால்சுரம் ஒன்றிற்கு 24 துடிப்பு வீதம் அனுப்பியது. கோர்க் நிறுவனமோ 48 துடிப்பைத் தேர்ந்தது. ஆகவே ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு சேர்ந்து வாசித்தால் ஒன்று இன்னொன்றின் இருமடங்கு வேகத்தில் ஓடும். இந்தக் குழப்பத்திற்கு 1983 ஜனவரியில் ஒரு முடிவு வந்தது. கலிபோர்னியாவின் அனஹைமில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்கியூட்ஸ் நிறுவனத்தின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிட்டர்-6 ஆகிய இரண்டும் ‘மிடி’ என்ற பொது மொழியில் உரையாடிக் காட்டின. அதற்குப் பின்னணியில் நின்ற டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி ஆகிய இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடியின் காலத்துடிப்பும் கால்சுரத்திற்கு 24தான். 120 வேகத்தில் விநாடிக்கு 48 துடிப்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 20.8 மில்லி விநாடி. அத்துடிப்பு ஒரே ஒரு பைட் நீளமுடையது. ‘இப்போது’ என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. வேகம் என்ன, எத்தனையாவது அடி, பட்டையின் எந்த இடம் என்பவற்றையெல்லாம் கேட்கும் கருவியே எண்ணிக் கண்டுகொள்ள வேண்டும். கணினி வேறு வேலையில் மூழ்கியிருந்து ஒரு துடிப்பு 2 மில்லி விநாடி பிந்தினால், அந்த ஓர் இடைவெளியை மட்டும் நம்பும் கருவி 120ஐ 110 என்று தவறாகக் கணிக்கும். பல துடிப்புகளின் சராசரியை எடுத்தால் இப்பிழை தணியும். ஆனால் உண்மையிலேயே வேகம் மாறும்போது அதை உணரத் தாமதமாகும். கணினியில் லூப்பர் எழுதிய ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

இம்முறையின் சொற்களும் கவனத்திற்குரியவை. துடிப்பு தரும் கருவி ‘மாஸ்டர்’, பெறும் கருவி ‘ஸ்லேவ்’. ஆண்டானும் அடிமையும் என்ற இந்த உறவு வெறும் பெயரோடு நிற்கவில்லை. யார் மாஸ்டர் என்பதைக் கச்சேரிக்கு முன்பே முடிவு செய்து கம்பிகளைப் பூட்ட வேண்டும்; நடுவில் மாற்ற இயலாது. லூப் வாசிப்பின் இயல்போ இதற்கு நேர்மாறு. அங்கே காலம் முன்கூட்டி இருப்பதில்லை. கலைஞர் முதல் சுற்றை வாசித்து மூடும் அந்தக் கணத்தில்தான் அது பிறக்கிறது.

இந்த முரண்பாட்டை முதலில் தெளிவாக எதிர்கொண்டவை 1990களின் நடுவில் வந்த வன்பொருள் லூப்பர்கள். அவற்றுள் எக்கோப்ளெக்ஸ் டிஜிட்டல் ப்ரோ மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ஒரு சுற்றில் எத்தனை எட்டாம்சுரங்கள் அடங்கும் என்று கலைஞர் முன்பே சொல்லிவைக்கலாம். அவர் கையால் சுற்றை மூடியதும், அதன் நீளத்தை அந்த எண்ணால் வகுத்துக் காலப்பிரமாணத்தைக் கணித்து, மிடி துடிப்பாகப் பிற கருவிகளுக்கு அது அனுப்பியது. சற்றுமுன் கண்ட 8.03 விநாடிச் சுற்று இப்போது பிழையாக இல்லை. தாள இயந்திரமே 120லிருந்து 119.55க்கு இறங்கிவந்து மனிதனின் காலோடு நடந்தது. எதிர்த்திசையிலும் அதை அமைக்கலாம். வெளியிலிருந்து வரும் துடிப்பைப் பின்பற்றச் செய்தால், எப்போது மிதித்தாலும் அடுத்த சுற்றின் தொடக்கம்வரை காத்திருந்தே பதியத் தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட எக்கோப்ளெக்ஸ்களை இணைக்கத் தனியே ஒரு துளையும் இருந்தது. அதற்கு ‘பிரதர் சிங்க்’, அதாவது சகோதர ஒத்திசைவு, என்று பெயர். எது முதலில் சுற்றை வகுக்கிறதோ அதோடு மற்றவை இணையும். ஆண்டான் அடிமைச் சொற்கள் ஆட்சி செய்த துறையில் உறவுப் பெயர் ஒன்று நுழைந்தது தற்செயலாகத் தோன்றவில்லை.

2000களில் லூப்பர்கள் மென்பொருளாக மடிக்கணினிக்குள் குடியேறின. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடிய ஜெஸ்ஸி சாப்பலின் சூப்பர்லூப்பர், ஜெஃப் லார்சனின் மோபியஸ் ஆகிய இரண்டும் எக்கோப்ளெக்ஸின் சொற்களஞ்சியத்தையே பெரிதும் வரித்துக்கொண்டன. மேற்பதிவு, பெருக்கல், செருகல் என்ற செயல்கள் மட்டுமல்ல, சுற்றுக்கு எத்தனை எட்டாம்சுரம் என்ற அதே அளவையும் சூப்பர்லூப்பரில் இன்றும் காணலாம். ஒரு வன்பொருள் வழக்கொழிந்த பின்னும் அதன் கலைச்சொற்கள் மென்பொருளில் வாழ்ந்துகொண்டிருப்பதற்கு இது நல்ல சான்று.

கணினிக்குள் நுழைந்ததால் ஒரு பெரிய இடர் நீங்கியது. பல நிரல்கள் ஒரே கணினியில் ஒரே ஒலியட்டையைப் பகிர்ந்தால் அவற்றிற்கு ஒரே படிகந்தான்; நகர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. பால் டேவிஸ் லினக்ஸிற்காகத் தொடங்கிய ‘ஜாக்’ ஒலிச்சேவை இதை முறைப்படுத்தியது. எல்லா நிரல்களும் ஒரே ஒலித்துண்டை ஒரே முறையில் கையாண்டு முடித்த பின்பே அடுத்த துண்டிற்கு நகர முடியும். மேக், விண்டோஸ் உலகில் ப்ரொப்பெல்லர்ஹெட், ஸ்டைன்பெர்க் நிறுவனங்களின் ‘ரீவயர்’ இதற்கு ஒப்பான பணியை 1990களின் இறுதி முதல் செய்தது. சாம்பிள் அளவுக்குத் துல்லியம் வந்துவிட்டது. ஆனால் அதிகாரப் படிநிலை மறையவில்லை. ரீவயரில் தலைமை நிரலை முதலில் திறந்து கடைசியில் மூட வேண்டியிருந்தது. ஜாக்கில் பட்டையும் அடியும் எவை என்று அறிவிக்கும் உரிமை ஒரே ஒரு நிரலுக்கே உண்டு.

இடப் பிழைக்கான மருந்தும் இக்காலத்தில்தான் செம்மையுற்றது. சூப்பர்லூப்பர் உள்நுழைவுத் தாமதம், வெளியேற்றத் தாமதம், கட்டளைத் தாமதம் என மூன்றைத் தனித்தனியே கணக்கிடுகிறது. இவற்றுள் மூன்றாவது சுவையானது. ஒலி மட்டுமல்ல, கால் பெடலை மிதித்த கட்டளையும் வழியில் தாமதிக்கிறது என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. சரியான கணத்தில் மிதித்தவருக்கு அந்தக் கணத்தை மீட்டுக் கொடுப்பதே அதன் வேலை.

நீளப் பிழைக்குப் பொதுவான தீர்வாக அமைந்தது, மிதித்த கணத்தை அருகிலுள்ள எல்லைக்குத் தள்ளும் முறை. எட்டாம்சுரம், சுற்று, முழு லூப் என எல்லையைக் கலைஞர் தேர்ந்துகொள்ளலாம். கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: எங்கே முடித்தாலும் ஆவர்த்தனம் நிறைந்த பின்பே செல்லுபடியாகும் என்ற விதி இது. இதனால் எவரும் தாளம் தவற முடியாது. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. தவற முடியாதவர் தாளத்தைத் தாமே வகுக்கவும் முடியாது.

2001இல் முதல் பதிப்பு வெளிவந்த ஏபில்டன் லைவ் மென்பொருளுக்கு 2009இல் வந்த எட்டாம் பதிப்பில் லூப்பர் ஒன்று சேர்க்கப்பட்டது. அதன் ஒரு சிறு பட்டியலில் இந்த வரலாறு முழுவதும் மூன்று வரிகளாக அடங்கியிருக்கிறது. லூப்பர் எவரோடும் தொடர்பின்றித் தன்போக்கில் ஓடலாம். பாடலின் காலப்பிரமாணத்தைப் பின்பற்றலாம். அல்லது பதிந்த முதல் சுற்றே பாடலின் காலப்பிரமாணத்தை வகுத்துவிட்டு, பின்னர் அதையே தானும் பின்பற்றலாம். மூன்றாவது தேர்வில், மேடையில் ஒருவர் ஒரு சுற்றை வாசித்து மூடியதும் மென்பொருளில் உள்ள ஏனைய தாளங்கள் அனைத்தும் அவரது வேகத்திற்கு வந்துசேர்கின்றன.

ஒரே கணினிக்குள் இவ்வளவும் இயன்றது. இரண்டு கலைஞர்கள் இரண்டு கணினிகளோடு அமர்ந்தால் படிகங்கள் மீண்டும் இரண்டாகின்றன. மாஸ்டர் யார் என்ற பழைய வழக்கும் உயிர்பெறுகிறது. 2016இல் ஏபில்டன் வெளியிட்டு, அதே ஆண்டில் திறந்த மூலமாக்கிய ‘லிங்க்’ இந்த வழக்கையே தள்ளுபடி செய்தது. அதில் எவரும் எவருக்கும் துடிப்பு அனுப்புவதில்லை. ஒரே வலையமைப்பில் உள்ள கணினிகள் சிறு செய்திகளை அனுப்பியும் பெற்றும், தத்தம் கடிகாரங்களுக்கிடையே எவ்வளவு வேறுபாடு என்பதை அளந்துகொள்கின்றன. பிறகு அனைவரும் பகிரும் ஒரு கற்பனைக் கடிகாரத்தை ஒவ்வொன்றும் தன்னுள்ளேயே கணக்கிடுகிறது. செய்தி ஒன்று தாமதித்தாலும் துடிப்பு தடுமாறுவதில்லை. துடிப்பு வெளியிலிருந்து வருவதே இல்லை என்பதே காரணம். வேகத்தை எவரும் மாற்றலாம். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் ஏற்பர். எவரும் இடையில் சேரலாம், விலகலாம். தொடங்கியவர் எழுந்து போனாலும் இசை நிற்காது. தனித்தனியே ஓடிய இரண்டு குழுக்கள் சந்தித்தால், நெடுநேரமாக ஓடிக்கொண்டிருக்கும் அமர்வே மூத்ததாக ஏற்கப்படுகிறது.

லிங்கில் ஒவ்வொரு நிரலும் தன் ஆவர்த்தன நீளத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது அதைவிட நுட்பமான ஏற்பாடு. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் ஒருவரும், ஆறு அட்சரம் கொண்ட ரூபகத்தில் ஒருவரும் ஒரே காலப்பிரமாணத்தில் வாசித்தால் 24 அட்சரங்களுக்கு ஒருமுறை இருவரின் சமமும் ஒன்றுகூடும். லிங்கும் அப்படித்தான்: அடி பொது, சுற்று அவரவருடையது. புதிதாகச் சேரும் லூப்பர் தன் ஆவர்த்தனத்தின் தொடக்கம்வரை காத்திருந்து உள்ளே நுழைகிறது.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. எவரும் வேகத்தை மாற்றலாம் என்பது, எண்களை மட்டும் சேமித்து வைத்திருக்கும் தாள இயந்திரத்திற்குச் சுமையன்று. லூப்பர் சேமித்திருப்பதோ ஒலி. 120 வேகத்தில் பதிந்த குரலை 126இல் ஒலிக்க வேண்டுமானால், நாடாக் காலத்தைப் போல் விரைவாக ஓட்டிச் சுருதியை உயர்த்த வேண்டும்; அல்லது சுருதியைக் காத்து நீளத்தை மட்டும் சுருக்கும் கணிதத்திற்கு உட்படுத்த வேண்டும். முதல் வழியில் பாடகி சுருதி விலகுகிறார். இரண்டாம் வழியில் குரலின் மென்மை தேய்கிறது. ஒத்துப்போவதற்கான இந்த விலையைக் கொடுப்பது எப்போதும் வாசித்தவரின் ஒலியே.

இன்னொரு வரம்பும் உண்டு. கணினி இல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாளக் கலைஞரை லிங்க் அறியாது. பாட்டின் உச்சத்தில் அவர் இயல்பாகச் சற்று முந்தினால் லூப் முந்துவதில்லை. அவரே பின்வாங்க வேண்டியிருக்கும். இயந்திரம் மனிதனைப் பின்தொடர வேண்டும் என்ற கனவு புதிதன்று. 1984இல் பாரிசில் நடந்த பன்னாட்டுக் கணினி இசை மாநாட்டிலேயே ரோஜர் டேனன்பெர்கும் பேரி வெர்கோவும் தனித்தனியே, வாசிப்பவரைக் கேட்டு அவரோடு செல்லும் நிரல்களை முன்வைத்தனர். ஆனால் அவை முன்பே எழுதப்பட்ட இசைக்குறிப்பைக் கையில் வைத்திருந்தன. லூப் கலைஞர் வாசிப்பதற்கு முன்குறிப்பு ஏதும் இல்லை. அது அந்தக் கணத்தில் உருவாகிறது.

ஆகவே மேடையேறும் லூப் கலைஞர் முன் இன்றும் அதே தேர்வுதான் இருக்கிறது. உடன் வாசிப்போர் எல்லோரும் கணினியோடு இருந்தால் லிங்க் போன்ற பொதுக்காலம் பொருந்தும். முன்பதிவு செய்த தாளத்தின் மேல் வாசிப்பதென்றால் கணினியின் காலத்தை ஏற்பதே எளிது. தாளக் கலைஞர் உடனிருந்தால், அவர் கையிலிருந்து முதல் சுற்றை எடுத்துக்கொண்டு, கருவிகள் அனைத்தையும் அந்த நீளத்திற்குப் பணியவைப்பது உகந்தது. காதுக்குப் போதுமான துல்லியத்தை எந்த வழியில் சென்றாலும் கருவிகள் இன்று தந்துவிடும். முதல் சுற்று யாருடையது என்பதை மட்டும் அவை முடிவு செய்வதில்லை. வாசிக்கத் தொடங்குவதற்கு முன் கலைஞர்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.